கல்லும் கல்லூரியும்

திருகோணமலையின் வரலாறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று ஊராரின் வாய், மற்றொன்று கல். வாய் சொல்வதைக் கல்லோடு ஒத்துப் பார்க்கவும், கல் சொல்லாமல் விட்டதை ஊராரிடம் கேட்டறியவும் பயின்றவர்களே இப்பிரதேசத்தின் வரலாற்றை எழுதத் தக்கவர்கள். அந்தப் பயிற்சியைப் பாடசாலையும் பல்கலைக்கழகமும் சேர்ந்தே கொடுக்க முடியும் என்பது என் துணிபு.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கன்னியா வெந்நீரூற்றுகளுக்கு அப்பால், பெரியகுளத்தின் அருகே ஒரு பழைய இடிபாடு உண்டு. அயலூர்த் தமிழர் அதனை 'நாதனார் கோவில்' என்றே வழங்கி வந்தனர். கடந்த நூற்றாண்டில் அங்கு வெளிப்பட்ட தமிழ்க் கல்வெட்டுகளோ, அது ஒரு பௌத்தப் பள்ளி என்பதையும், சோழராட்சியில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்றிருந்ததையும் தெரிவித்தன. சிங்கள வழக்கில் அது வெல்கம் விகாரை. அங்கே விளக்கெரிக்கத் தானம் கொடுத்தவர்கள் அதனைத் தமிழில் எழுதி வைத்தார்கள். ஊர் வழக்கை மட்டும் நம்பியிருந்தால் அங்கிருந்த பௌத்தம் மறைந்திருக்கும். விகாரையின் இன்றைய பெயரை மட்டும் நம்பியிருந்தால் அங்கிருந்த தமிழ் மறைந்திருக்கும். மொழிக்கும் சமயத்துக்கும் இடையே நாம் இன்று போட்டிருக்கும் வேலியை அந்தக் கற்கள் அறியா.

நிலாவெளிக் கல்வெட்டும் அத்தகையதே. கோணமாமலைக் கோவிலுக்கு 250 வேலி நிலம் வழங்கிய செய்தி அதில் உண்டு. செ. குணசிங்கம் அதனை ஆராய்ந்து 1975இல் பேராதனையிலிருந்து வெளியிட்டார். பேராசிரியர் சி. பத்மநாதனின் 'இலங்கைத் தமிழ்ச் சாசனங்கள்' 2006இல் வந்தது. இத்தனை உழைப்பும் நூலக அலுமாரியிலேயே தங்கிவிட்டது. தஞ்சைப் பெரிய கோவிலைப் பற்றி ஒரு பக்கம் எழுதக்கூடிய எங்கள் மாணவர், அதைக் கட்டிய அரசனின் பெயர் தாங்கிய பள்ளி பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில் இருப்பதை அறியார். பிழை மாணவருடையதன்று. வினாத்தாளில் வராத ஊர் வகுப்பறைக்குள்ளும் வருவதில்லை.

முயற்சிகள் இல்லாமலில்லை. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களின் வழியே ஊர்த்தொழிலை வகுப்புக்குள் கொண்டுவந்தது. 1977இன் ஆட்சி மாற்றத்தின் பின் அது கைவிடப்பட்டது. வங்கத்தில் தாகூர் 1921இல் விசுவபாரதியை நிறுவி, மறு ஆண்டே அயற்கிராமங்களுக்காக ஸ்ரீநிகேதனைத் தொடங்கினார். 1924இல் கிராமத்துச் சிறுவருக்கு ஒரு பள்ளியும் வைத்தார். பல்கலைக்கழகம் தன் அயலைப் படிக்க வேண்டும் என்பதே அவர் கொள்கை.

நமக்கு இன்னும் அருகிலே ஒருவர் உண்டு. சுவாமி விபுலாநந்தர் திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்தவர். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். மட்டக்களப்பு வாவியில் எழும் நாதத்துக்கு அவர் தம் யாழ் நூலில் இடம் கொடுத்தார். ஊர் வாவியில் கேட்டது ஆராய்ச்சிக்குத் தொடக்கமாயிற்று. பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் மதில் இல்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

2001 முதல் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்று திருகோணமலையிலேயே இருக்கிறது. இனித் தூரத்தைக் காரணம் சொல்ல இயலாது. மாணவர் செய்யக்கூடியது எளியது: தம் ஊரின் இடப்பெயர்களைத் திரட்டுவது, முதியோர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதுவது, எழுத்துள்ள கல்லைக் கண்டால் அதை அசைக்காமல் அறிவிப்பது. படியெடுப்பதும், காலம் கணிப்பதும், மரபுக்கதையைச் சான்றிலிருந்து பிரித்தறியக் கற்பிப்பதும் பல்கலைக்கழகத்தின் பணி. 1660இல் கொட்டியாரத்தில் கண்டி மன்னனின் ஆட்களிடம் சிறைப்பட்ட ரொபர்ட் நொக்ஸ் எழுதிய நூல் 1681இல் இலண்டனில் அச்சாயிற்று. தம் ஊர்க்கரையில் தொடங்கும் அந்தக் கதையை மூதூர் மாணவர் ஊர் வழக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாமே!

இது பொழுதுபோக்கான காரியமன்று. இந்தத் துறைமுக மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களரும் வாழ்கிறார்கள். 'இந்த இடம் யாருடையது?' என்ற கேள்விக்கு இங்கே இரத்தம் சிந்தப்பட்டிருக்கிறது. கல்லைப் படித்தறியாதவர்களே கல்லைக் காட்டி அதிகம் வாதாடுகிறார்கள். மூவினத்துப் பிள்ளைகளும் பெரியகுளத்துக்கு ஒரே பஸ்ஸில் சென்று, ஒரே கல்வெட்டின் முன் நின்று, அதை எழுத்துக் கூட்டி வாசிக்கட்டும். அதன் பிறகு அவர்கள் வாதாடினாலும், சான்றை வைத்து வாதாடுவார்கள்.