இரண்டு கமராக்களும் ஓர் அடையாள அட்டையும்



வீட்டில் அன்றாடம் படமெடுக்க ஒரு சின்னக் கமரா வாங்குவதற்காக இரண்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்த்தோம். கடைசியில் மேசையில் இரண்டு கமராக்கள் வந்து நின்றன. இரண்டும் பாவித்தவை. ஒன்று சோனி ஏ6000. மற்றது ஒலிம்பஸ் ஈ-எம்10 மார்க் 2. கடைக்காரர் தெரிந்தவர் என்பதால் இரண்டு நாள் வீட்டில் வைத்துப் பார்க்கத் தந்தார். "எதை எடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள்?" என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல நூறு வருடம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. வரலாறு படிப்பிக்கிறவர்களிடம் கேள்வி கேட்டால் இதுதான் கதி. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் உம்மம்மாவுக்கு இருப்பது ஒரேயொரு படம். அவருடைய அடையாள அட்டைக்காக எடுத்தது. அவர் மௌத்தான பிறகு அதைப் பெருப்பித்தோம். பெருப்பிக்கப் பெருப்பிக்க முகம் பொட்டுப் பொட்டாகப் போய்விட்டது. படத்தில் அவர் கமராவைப் பார்க்கவில்லை. கமராவுக்குப் பக்கத்தில் நின்ற யாரையோ பார்க்கிறார். அது மூத்தவாப்பாவாக இருக்கும் என்று உம்மா சொல்வார். காத்தான்குடியில், ஏறாவூரில், ஓட்டமாவடியில் எத்தனையோ வீடுகளில் இதே கதைதான். இலங்கையில் 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்களைப் பதிவு செய்தல் சட்டத்தின் கீழ் 1972இல் அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கினார்கள். நம் ஊர்ப் பெண்கள் பலர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கமராவுக்கு முன் இருந்தது அரசாங்கத்துக்காகத்தான். வீட்டுக்காக அல்ல.

ஏன் அப்படி? "மார்க்கம் தடுத்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். அது பாதி உண்மை. கமராவால் எடுக்கும் படம் கூடுமா கூடாதா என்ற வாதம் உலமாக்களிடையே நூறு வருடத்துக்கு மேலாக நடக்கிறது. எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மத் பகீத் அல்முதீஈ (1935இல் வபாத்) அது கூடும் என்று தனியாக ஒரு நூலே எழுதினார். அதற்கும் முன்னால், எகிப்திய இராணுவ அதிகாரி சாதிக் பே 1861இல் மதீனாவையும் 1880இல் மக்காவையும் படமெடுத்துவிட்டார். நம் வீட்டுப் பெண்களிடம் கேட்டால் அவர்கள் வேறு ஒன்றைச் சொல்வார்கள். இந்தக் கமரா வந்த அன்றும் உம்மா அதைத்தான் கேட்டார்:

"எனக்கென்னத்துக்கு புள்ள இப்ப போட்டோ? அத ஆரெல்லாம் பாப்பாங்க?"

இந்த இரண்டாவது கேள்விதான் நம் பக்கத்துக் குடும்பப் படங்களின் வரலாறு.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். 'கமரா' என்ற சொல் அரபியில் இருந்து வந்தது என்று ஒரு செய்தி அடிக்கடி சுற்றுகிறது. அது சரியல்ல. சொல் இலத்தீன். பொருள், அறை. ஆனால் இருட்டறையில் ஒரு சிறு துளை வழியாக ஒளி வந்து எதிர்ச் சுவரில் உருவம் விழுவதை ஆயிரம் வருடத்துக்கு முன் கெய்ரோவில் இருந்து ஆராய்ந்து எழுதியவர் இப்னுல் ஹைதம். அவர் அதை 'அல்பைத் அல்முழ்லிம்' என்றார். இருண்ட வீடு. அந்தப் பெருமை போதும். இல்லாத பெருமை தேவையில்லை.

இலங்கைக்குக் கமரா வந்தது வெள்ளைக்காரர் கையில். இங்கிலாந்தில் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இங்கு வந்தார், 1879இல் இங்கேயே இறந்தார். அவர் இங்கு எடுத்த படங்களில் இருப்பவர்கள் பலருக்குப் பெயர் இல்லை. 1890இல் கொழும்பில் பிளேட் நிறுவனம் தொடங்கியது. அந்தக் காலத்து அஞ்சலட்டைகளில் நம்மவர்களும் இருக்கிறார்கள். தொப்பியோடு ஒருவர் நிற்பார், கீழே 'மூர்மன்' என்று அச்சடித்திருக்கும். யாருடைய வாப்பா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. படம் எடுக்கப்பட்டவருக்கு அதில் ஒரு பிரதிகூடப் போயிருக்காது.

1888இல் கொடாக் ஒரு சின்னப் பெட்டிக் கமராவைக் கொண்டுவந்தது. நூறு படம் எடுத்துவிட்டுக் கமராவையே தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் கழுவிப் படமாக்கித் தருவார்கள். 1900இல் ஒரு டொலருக்கு பிரௌனி வந்தது. படமெடுப்பது சாதாரணக் குடும்பங்களின் கைக்கு வந்தது என்று புத்தகங்கள் இதைக் கொண்டாடுகின்றன. உண்மைதான். ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு குடும்பப் படமும் ஓர் அந்நியரின் கண்ணைத் தாண்டித்தான் வீட்டுக்குத் திரும்பி வந்தது. இலண்டனில் இருந்த குடும்பத்துக்கு அது பெரிய விடயமல்ல. காத்தான்குடியில் இருந்த குடும்பத்துக்கு அதுதான் விடயமே. கல்லடிப் பாலம் தாண்டி மட்டக்களப்பு நகரத்து ஸ்டூடியோவில் பிலிம் றோலைக் கொடுத்தால், இருட்டறைக்குள் இருப்பவர் உம்மாவையும் ராத்தாவையும் தலையில் முக்காடு இல்லாமல் பார்ப்பார். இன்னொரு பிரதி போட்டு வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியும்? அதனால் பெண்கள் படத்திலிருந்து விலகினார்கள். பழைய அல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். வாப்பாமார், மாமாமார், சுன்னத்துக் கல்யாணத்துப் பொடியன்மார் இருப்பார்கள். அந்த வீட்டையே நடத்திய பெண்கள் இருக்க மாட்டார்கள்.

எழுபதுகளின் கடைசியில் கல்ஃப் பயணம் தொடங்கியது. சவூதியிலிருந்தும் குவைத்திலிருந்தும் திரும்பியவர்கள் றேடியோ கசெட்டோடு கறுப்பு யஷிக்காவையும் கொண்டுவந்தார்கள். 1977இல் கொனிக்கா சி35 ஏஎஃப் என்ற கமராவில் தானாகக் குவியப்படுத்தும் வசதி வந்த பிறகு, படமெடுக்க ஸ்டூடியோக்காரர் தேவையில்லை என்று ஆனது. வீட்டுக்குள்ளேயே ஒருவர் எடுக்கலாம். ஒரு றோலில் 36 படம். பெருநாளுக்குப் பாதி, மீதி அடுத்த கல்யாணம் வரை கமராவுக்குள் கிடக்கும். ஆனாலும் கழுவுவது வெளியில்தான். பொலரொயிட் 1948 முதல் உடனடிப் படம் கொடுத்தது. அந்தப் பிலிமின் விலை நம் கைக்கு எட்டவில்லை.

இந்த ஒதுங்கலின் விலை என்ன என்பதை நாம் பின்னால்தான் அறிந்தோம். 1978 நவம்பர் 23 சூறாவளி கூரைகளைக் கொண்டுபோனது. றங்குப்பெட்டிக்குள் இருந்த படங்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. படத்தின் மேற்பூச்சு ஜெலற்றின். ஈரத்தில் பசையாகிவிடும். இழுத்துப் பிரித்தால் முகம்தான் முதலில் கழன்று வரும்.

1990 ஓகஸ்ட் 3 வெள்ளிக்கிழமை இரவு, காத்தான்குடியில் மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனிய்யாப் பள்ளியிலும் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரு கிழமை கழித்து ஏறாவூர். அடுத்த மாதம் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் தமிழ் மக்கள். கொன்றவர்கள் வேறு வேறு. அழுத தாய்மார் ஒரே மாதிரித்தான் அழுதார்கள். அந்த இரவுகளில் போனவர்களில் சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். அடையாள அட்டை எடுக்கும் வயது வராதவர்கள். பெரியவருக்காவது அட்டைப் படம் மிஞ்சியது. அட்டையும் இல்லாத பிள்ளையின் முகம் தாயின் மனதில் மட்டும்தான் இருந்தது. அந்தத் தாய்மாரும் இப்போது ஒவ்வொருவராகப் போகிறார்கள்.

பிறகு 2004 டிசம்பர் 26. கடலோரத்து வீடுகளில் அல்பம் இருந்த அலுமாரியே போய்விட்டது. மணலில் கிடந்த படங்களைப் பொறுக்கி, யாருடையது என்று தெரியாமலே காயவைத்தவர்களை நாங்கள் சிறுவயதில் பார்த்திருக்கிறோம். 2011இல் ஜப்பானில் சுனாமி வந்தபோது சேற்றில் கிடந்த குடும்பப் படங்களைக் கழுவி உரியவர்களிடம் சேர்க்க ஃபுஜிஃபில்ம் நிறுவனமும் தொண்டர்களும் சேர்ந்து வேலை செய்தார்கள். அந்தச் செய்தியை இங்கே பலர் கண்கலங்கி வாசித்திருப்பார்கள்.

டிஜிட்டல் வந்ததும் உம்மாவின் கேள்விக்குப் பதில் கிடைத்தது போல இருந்தது. 1975இல் கொடாக்கின் ஸ்டீவ் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கமரா, ஒரு படத்தைக் கசெட் நாடாவில் பதிய 23 விநாடி எடுத்தது. அதே கொடாக் 2012 ஜனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. இடைப்பட்ட காலத்தில் இருட்டறையும் கழுவுபவரும் இல்லாமல் போனார்கள். நம் பெண்கள் முதல் தடவையாகப் படத்துக்குள் வந்தார்கள். எடுப்பவர்களாகவும் ஆனார்கள். ஆனால் கைத்தொலைபேசி வந்தது. படம் எடுத்த கையோடு குடும்பக் குழுவுக்குப் போகும், அங்கிருந்து எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. பழைய ஸ்டூடியோவில் பார்த்தவர் ஒருவர். இப்போது கணக்கில்லை. உம்மா போன் கண்டாலே முகத்தைத் திருப்புவது இதனால்தான். அது பட்டிக்காட்டுத்தனம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். வரலாறு தெரிந்த பயம் அது.

இனி அந்த இரண்டு கமராக்கள்.

இரண்டும் மிரர்லெஸ் வகை. பழைய எஸ்எல்ஆர் கமராவுக்குள் ஒரு கண்ணாடி இருக்கும், அதனால் உடம்பு பருக்கும். 2008இல் ஒலிம்பஸும் பனசொனிக்கும் அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டு வில்லையை மாற்றக்கூடிய சின்னக் கமராவுக்கு ஒரு முறையைக் கொண்டுவந்தன. கண்ணாடி போனதில் இன்னொரு நன்மை. பொத்தானை அழுத்துமுன்பே படத்தின் வெளிச்சம் எப்படி வரும் என்று திரையில் தெரியும். நமக்கு இது பெரிய உதவி. பெருநாள் காலையில் ஒரே படத்தில் கறுப்பு அபாயாவும் வெள்ளை ஜுப்பாவும் நிற்கும். சட்டம் முழுக்கக் கறுப்பு என்றால் கமரா ஏமாந்து முகத்தை வெளிற வைக்கும். முழுக்க வெள்ளை என்றால் முகத்தைக் கறுக்க வைக்கும். திரையைப் பார்த்து, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சில்லை ஒரு படி திருப்பினால் சரி.

சோனி 2014இல் வந்தது. 24 மெகாபிக்சல், 344 கிராம். உணரியின் பரப்பு மற்றதைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல், அதனால் குறைந்த வெளிச்சத்தில் மணல் மணலாகத் தெரிவது குறைவு. ஓடுகிற பிள்ளையை விடாமல் பின்தொடரும், விநாடிக்கு 11 படம் எடுக்கும். ஒலிம்பஸ் 2015. 16 மெகாபிக்சல், 390 கிராம். ஓடுகிற பிள்ளையைப் பல தடவை தவறவிட்டது. ஆனால் அதன் உணரி கை நடுக்கத்துக்கு எதிராக உள்ளேயே அசைந்து கொடுக்கும். ஆள் அசையாமல் இருந்தால், மங்கிய வெளிச்சத்தில் கையில் பிடித்தே மெதுவாக எடுக்கலாம். திரையில் முகத்தைத் தொட்டால் படம் எடுக்கும். வேண்டுமென்றால் துளி சத்தமில்லாமலும் எடுக்கும். சோனி ஏ6000இல் தொடுதிரையும் இல்லை, சத்தமில்லா வழியும் இல்லை.

தாளில் போட்டுப் பார்த்தால் சோனிதான் வெல்லும். பிள்ளைகள் பந்தடிக்கிற வீடு என்றால் அதையே எடுங்கள்.

நாங்கள் வேறு ஒரு கேள்வி கேட்டோம். எங்களிடம் இல்லாத படம் எது? பிள்ளைகள் ஓடுகிற படம் போனில் ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. இல்லாதது உம்மாவின் படம். மஃரிபுக்குப் பிறகு வாசல் திண்ணையில் தஸ்பீஹோடு இருப்பார். அசைய மாட்டார். சத்தம் கேட்டால் எழும்பிப் போய்விடுவார். அந்த வேலைக்கு ஒலிம்பஸ்தான். அதையே எடுத்தோம்.

உம்மாவிடம் திருட்டுத்தனமாக எடுக்கவில்லை. முதலில் கமராவை அவர் கையில் கொடுத்தோம். படம் இந்தச் சின்ன அட்டைக்குள்தான் இருக்கும், போனுக்குப் போகாது, உங்கள் அலுமாரிக்குள் நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னோம். பேரப்பிள்ளை திரையைத் தொடக் காட்டிக் கொடுத்தது. அவர் முதலில் எடுத்தது கோழிக்கூட்டை. மூன்றாம் நாள், "சரி, ஒண்டு எடுங்க" என்றார்.

இப்போது எங்கள் வீட்டு ஒழுங்கு இதுதான். கமராவின் வைஃபை அணைத்தே இருக்கும். மாதம் ஒரு தடவை இரண்டு வன்தட்டுகளில் பிரதி எடுக்கிறோம். ஒன்று எங்கள் வீட்டில், மற்றது கடலிலிருந்து தள்ளி இருக்கும் ராத்தா வீட்டில். சுனாமி படிப்பித்த பாடம் அது. மாதம் இரண்டு படம் வீட்டுச் சின்னப் பிரிண்டரில் அச்சிட்டு, பின்னால் பென்சிலால் பெயரும் திகதியும் ஊரும் எழுதுகிறோம். பெயரில்லாத 'மூர்மன்' இனி எங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. கமராவைச் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வைக்கிறோம். வாவிக் காற்றின் ஈரத்துக்கு வில்லையில் பூஞ்சணம் பிடிக்கும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். கமரா வாங்குவது பிறகு பார்க்கலாம். இன்று இஷாவுக்குப் பிறகு உங்கள் வீட்டில் மூத்தவரின் அடையாள அட்டையை ஒரு தடவை கேட்டு வாங்கிப் பாருங்கள். அதைத் தவிர அவருக்கு வேறு படம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அவரிடமே கேளுங்கள், எடுக்கலாமா, எடுத்தால் எங்கே வைப்பது, யார் பார்க்கலாம் என்று. அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.