பாரிசில் பார்க்க வேண்டியவை

பாரிஸ் காணச் செல்வோர் ஆண்டுதோறும் பல இலட்சம் பேர். காலையில் ஈபெல் கோபுரம், நண்பகலில் லூவர் மாளிகை, மாலையில் நோத்ருதாம் தேவாலயம், இரவில் சீன் ஆற்றிலே படகு உலா! இவை முடிந்ததும், பாரிசைப் பார்த்தாயிற்று என்று கூறிப் பெருமிதத்துடன் ஊர் திரும்புகின்றனர். பார்த்தனர், மறுக்கவில்லை. ஆனால், கண்டனரா?

எழிலை நாம் வெறுப்போர் அல்லோம். எவன் கட்டினாலும் எழில் எழிலே! ஆயினும், மாடமாளிகையோ கூடகோபுரமோ எதன் முன் நின்றாலும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. எவருக்காக இதனைக் கட்டினர்? இன்று இது எவருக்கு உரியது? இவ்விரு கேள்விகளுக்கும் வெவ்வேறு விடை தரும் இடங்கள் பாரிசிலே பல உண்டு. நின்று, நினைத்து, காண வேண்டிய இடங்கள் அவையே.

பாஸ்டீல் சதுக்கத்துக்குச் சென்று சிறைக்கோட்டையைத் தேடுவோர் ஏமாறுவர். கோட்டை அங்கே இல்லை! மன்னன் கையொப்பமிட்ட ஆணை ஒன்றிருந்தால் போதும், விசாரணை ஏதுமின்றி எவரையும் அதனுள்ளே தள்ளிவிடலாம். ஆட்சியாளரை எள்ளி நகையாடிக் கவிதை எழுதிய குற்றத்துக்காக, இளைஞர் வால்ட்டேர் 1717-இல் அங்கே அடைக்கப்பட்டு 11 திங்கள் வாடினார். 1789 ஜூலை 14-இல் மக்கள் அதனைக் கைப்பற்றியபோது உள்ளே இருந்த கைதிகள் 7 பேர் மட்டுமே. எழுவரை மீட்கவா இத்தனை எழுச்சி என்று கேட்கத் தோன்றும். கேட்பாரற்ற அதிகாரத்தின் சின்னம் அந்தக் கோட்டை. அதனால்தான் அது தரைமட்டமாயிற்று. அதன் கற்களில் ஒரு பகுதி, சீன் ஆற்றின் மீதுள்ள கான்கார்டு பாலத்தைக் கட்டப் பயன்பட்டது. மக்களை அடைத்து வைத்த கல், மக்கள் நடந்து செல்லும் பாலமாயிற்று!

லூவர் முதலில் கோட்டை. பின்னர் மன்னர்தம் மாளிகை. 1792 ஆகஸ்ட் 10-இல் மக்கள் துய்லரி அரண்மனையைத் தாக்கினர். பதினாறாம் லூயியின் ஆட்சி சரிந்தது. சரியாக ஓராண்டு கழிந்து, 1793 ஆகஸ்ட் 10-இல், லூவர் பொதுமக்கள் காணும் கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. மோனாலிசா ஓவியத்தின் முன் இன்று முண்டியடித்து நிற்போரில் எத்தனை பேர், அது ஒரு காலத்தில் மன்னனின் தனிச் சொத்தாக இருந்தது என்பதை எண்ணிப் பார்க்கின்றனர்?

ஈபெல் கோபுரம் புரட்சியின் நூற்றாண்டான 1889-இல் நடந்த உலகப் பொருட்காட்சிக்காக எழுந்தது. முதல் தளத்தை ஒட்டி நாற்புறமும் 72 பெயர்களைப் பொறித்தனர். அந்த வரிசையிலே முடிமன்னர் இல்லை, புனிதர் இல்லை, அறிவியலாளரும் பொறியாளரும் கணித அறிஞருமே உள்ளனர். வரவேற்கத்தக்க மாறுதல்தான். ஆனால், அன்று பொறித்த 72 பெயர்களில் ஒன்றுகூடப் பெண்ணின் பெயர் அன்று! தகடுகளின் நெகிழ்ச்சித் தன்மையைக் கணிதத்தால் ஆராய்ந்து புகழ்பெற்ற சோஃபி ஜெர்மேன் அம்மையாருக்கும் அங்கே இடமில்லை. புதுமை படைத்தோர் மனத்திலும் பழமை ஒளிந்துகொள்ள ஒரு மூலை இருந்தது.

ஒரே ஓர் இடத்தைக் காணத்தான் நேரமுண்டு என்போருக்கு நாம் காட்டும் இடம் பாந்தியன்.

1744-இல் பதினைந்தாம் லூயி நோயுற்றான். பிழைத்தால், பாரிஸ் நகரின் காவல் புனிதை ஜெனவியேவுக்குப் புதிய கோயில் எழுப்புவதாக வேண்டிக்கொண்டான். பிழைத்தான். வேண்டிக்கொண்டவன் மன்னன், செலவுக்கு வந்ததோ பரிசுச்சீட்டு வாங்கிய மக்களின் காசு! சூஃப்ளோ என்ற கட்டடக் கலைஞர் திட்டம் வகுத்தார். கட்டி முடிக்கப்படும் முன்பே அவர் மறைந்தார். 1790-இல் வேலை முடிந்தபோது, நாட்டிலே புரட்சி நடந்துகொண்டிருந்தது. 1791-இல் மக்கள் மன்றம் முடிவு செய்தது: இது புனிதையின் கோயிலாக வேண்டாம், நாட்டுக்கு உழைத்த பெரியோரின் நினைவு மண்டபமாகட்டும்!

அவ்வாண்டு ஜூலையிலே வால்ட்டேரின் உடல் அங்கே கொண்டுவரப்பட்டது. 1778-இல் அவர் பாரிசிலே இறந்தபோது, மதபீடம் அடக்கத்துக்கு ஆறடி நிலம் தர மறுத்தது. உறவினர் அவர் உடலை மறைவாக ஊருக்கு வெளியே எடுத்துச் சென்று, தொலைவிலிருந்த ஒரு மடத்தில் புதைக்க நேர்ந்தது. 13 ஆண்டுகள் சென்றன. திருட்டுப் பொருள்போல் வெளியேறிய அதே உடல், மக்கள் வெள்ளம் சூழ ஊர்வலமாகத் திரும்பியது! 1794-இல் ரூசோவும் அங்கே இடம் பெற்றார்.

வெற்றி கிட்டிவிட்டது, இனி உறங்கலாம் என்று எண்ணியிருப்பர். வரலாறு உறங்கவில்லை. 1806-இல் நெப்போலியன் அதனை மீண்டும் வழிபாட்டுக்கு ஒப்படைத்தான். 1830-இன் புரட்சி அதனை மீட்டது. 1851 மார்ச்சில் ஃபூக்கோ என்ற அறிவியலாளர், அந்த மண்டபத்தின் கூரையிலிருந்து 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ எடையுள்ள குண்டினைத் தொங்கவிட்டு ஆடச் செய்தார். குண்டு ஆடும் திசை சிறிது சிறிதாக விலகுவதைக் கண்டு, உலகம் சுழல்வதை மக்கள் தம் கண்ணாலேயே உணர்ந்தனர். உலகம் அசைகிறது என்ற கருத்துக்காகக் கலிலியோவை 1633-இல் மண்டியிடச் செய்தனரே, அதற்கு இதைவிட அழகிய மறுமொழி ஏது? ஆனால், அதே ஆண்டு டிசம்பரில் மண்டபம் மறுபடி கோயிலாயிற்று! உலகம் சுழன்றது, அரசோ பின்னோக்கிச் சுழன்றது. 1885-இல் விக்டர் ஹ்யூகோ மறைந்தபோது, அவரை அடக்கம் செய்வதற்காக அது மீண்டும் பெரியோர் மண்டபமாக்கப்பட்டது. 94 ஆண்டுகளில் 5 முறை மாறிய கட்டடம்! அங்கே தம் சொந்தத் தகுதியால் முதல் பெண்ணாக மேரி கியூரி அம்மையார் இடம் பெற்றதோ 1995-இல்தான்.

இறுதியாக மோன்மார்த் குன்று. வெண்ணிறத் திருஇருதயப் பேராலயத்தைக் காணக் கூட்டம் கூட்டமாக ஏறுகின்றனர். அதன் அருகிலே, சிறு பூங்கா ஒன்றில் நிற்கும் சிலையைக் காண்போர் சிலரே. அது லா பார் என்ற இளைஞனின் சிலை. அப்வில் என்ற ஊரிலே, மத ஊர்வலம் சென்றபோது அவன் தொப்பியைக் கழற்றவில்லை; மதத்தைப் பழிக்கும் பாட்டுகள் பாடினான்; வால்ட்டேரின் நூலை வைத்திருந்தான். இவை குற்றங்கள்! பாரிசின் உயர் மன்றமும் தண்டனையை உறுதி செய்தது. 1766 ஜூலை 1-இல் தலை துண்டிக்கப்பட்டு, உடல் எரிக்கப்பட்டது. அந்த நெருப்பிலே வால்ட்டேரின் நூலையும் எறிந்தனர். அவனுக்கு வயது 20.

மதத்தையும் அரசையும் பிரித்துச் சட்டம் இயற்றிய 1905-ஆம் ஆண்டிலே, பேராலயத்தின் எதிரிலேயே அவனுக்குச் சிலை வைத்தனர். 1926-இல் அதனைப் பூங்காவுக்குத் தள்ளினர். 1941-இல், நாஜிகளின் ஆதிக்கத்தின்போது, உலோகத்துக்காக உருக்கினர். புதிய சிலை எழுந்தது 2001-இல். சிலையை உருக்க ஒரு நாள் போதும். மீண்டும் நிறுவ 60 ஆண்டுகள் ஆயின!

பாரிஸ் நமக்குக் கூறுவது இதுதான். கட்டியவன் நோக்கம் கட்டடத்தின் தலைவிதி அன்று. மக்கள் மனம் வைத்தால் சிறை பாலமாகும், அரண்மனை கலைக்கூடமாகும். ஆனால், வென்ற இடம் என்றும் வென்ற இடமாகவே இருக்கும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. காவல் தளர்ந்தபோதெல்லாம் அது கைமாறியிருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் அதனைத் தானே காத்தாக வேண்டும்.

மோன்மார்த் ஏறுவோர் பூங்காவிலும் சற்று நிற்கட்டும். பழைய சிலை, கட்டுண்டு நின்ற இளைஞனைக் காட்டியது. புதிய சிலையிலே அவன் நிமிர்ந்து நிற்கிறான். தலையிலே தொப்பி இருக்கிறது, கழற்றவில்லை!