நோய்நாட் கூலியும் வைத்தியச் சான்றிதழும்

நோய் எல்லா நாட்டு மக்களுக்கும் பொதுவானது. நோயுற்ற நாளின் ஊதியத்தை யார் பொறுப்பது என்ற வினாவுக்கோ நாடுகள் வெவ்வேறு விடைகளை அளித்துள்ளன.

ஜேர்மனியில் 1883 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், தொழிலாளரும் முதலாளிமாரும் பணஞ்செலுத்திய காப்புறுதி நிதியிலிருந்து, பதின்மூன்று வாரம் வரை அரைக்கூலி வழங்க வகைசெய்தது. பிரித்தானியா 1911 இலும் இந்தியா 1948 இலும் காப்புறுதி நெறியையே தழுவின. மருத்துவரின் சான்றே அந்நிதிகளைத் திறக்கும் திறவுகோலாயிற்று.

இலங்கை இவ்வழியிற் செல்லவில்லை. அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசச் சிகிச்சை வளர்ந்தது. நோய்க்காலக் கூலியோ பெரும்பாலும் வேலைகொள்வோரின் பொறுப்பாகவே விடப்பட்டது. 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் ஆண்டுவிடுமுறைக்குப் புறம்பாக ஏழு நாட்களைச் சம்பளத்துடன் வழங்கியது. சொந்த அலுவல், நோய், தக்க பிற காரணம் ஆகிய அனைத்துக்கும் அவ்வேழு நாட்களே. எனவே, யாழ்ப்பாணக் கடைத்தெருவிற் பணிபுரிந்த சிப்பந்தி வீட்டுச் சடங்கிற்கு எடுத்த நாள், அவரது காய்ச்சலுக்குரிய நாளையே குறைத்தது. அரசாங்க ஊழியர்க்கு விடுமுறை இதனினும் விரிவானது. யாழ்ப்பாணத்தார் அரசாங்க உத்தியோகத்தைப் பெரிதும் நாடியமைக்கு ஓய்வூதியத்தோடு இப்பாதுகாப்பும் ஒரு காரணம் எனலாம்.

சான்றிதழை யார் எழுதலாம் என்பது அடுத்த வினா. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலை மருத்துவத்தை வேரூன்றச் செய்தார். எனினும், குடாநாட்டார் சித்த வைத்தியரைக் கைவிட்டாரல்லர். 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்த மருத்துவத்தையும் உள்ளடக்கிப் பதிவுமுறையை வகுத்தது. பதிவுபெறாத பரம்பரை வைத்தியரின் சொல் நோயாளிக்கு ஆறுதலாகலாம், அலுவலகத்திற்குச் சான்றாகாது.

சுருட்டுக் கொட்டிலில் எண்ணிக்கைக்குக் கூலி பெற்றவரும், பனையேறிய சீவற்றொழிலாளரும், கடற்றொழிலாளரும் இவ்விதிகளுக்குப் பெரும்பாலும் புறத்தே நின்றனர். அவர்களுக்கு மருந்து இலவசமாகக் கிடைத்தது. மருந்துக்காகச் சென்ற நாளின் கூலி கிடைக்கவில்லை.

பிரித்தானியாவில் 1982 முதல், நோயின் முதல் ஏழு நாட்களுக்குத் தொழிலாளியின் சொந்தக் கூற்றே போதுமானதாயிற்று. சான்றிதழ் விதிகள் நோயை மட்டும் அளப்பனவல்ல. எவருடைய சொல்லை ஒரு சமுதாயம் நம்புகின்றது என்பதையும் அவை காட்டி நிற்கின்றன. சான்றிதழ் கேட்கப்படாத தொழிலாளி நம்பப்பட்டவர் அல்லர்; அவர் கணக்கிலேயே எடுக்கப்படாதவர் என்பது குடாநாட்டு வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.