கறுப்புத் திரையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு



போன ஞாயிறு இரவு அக்காவின் பேத்தி போன் செய்தாள். பொறியியல் முதலாமாண்டு. மேக் கணினியில் புதிதாக ஒரு எடிட்டர் போட்டிருக்கிறாள். ஐகானைத் தட்டினால் திறக்கிறது. டெர்மினலில் பெயரை அடித்தால் "கமாண்ட் நாட் ஃபவுண்ட்" என்கிறது. "தாத்தா, எனக்கு இந்தப் படிப்பு வராது போல" என்றாள். குரல் கம்மியிருந்தது.

"தப்பு உன் மேல் இல்லை கண்ணு" என்று ஆரம்பித்தேன். அவளிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

ஷெல் கணினி முழுவதும் தேடாது. யூனிக்ஸின் முதல் ஷெல் குறிப்பிட்ட சில டைரக்டரிகளில் மட்டுமே தேடியது. 1979-இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் வந்தது. தேட வேண்டிய இடங்களை நாமே வரிசையாக எழுதி வைக்கும் 'பாத்' என்ற பட்டியல் அதில் இருந்தது. ஆக, "நாட் ஃபவுண்ட்" என்றால் 'எடிட்டரே இல்லை' என்று பொருளல்ல. 'நீ சொன்ன இடங்களில் இல்லை' என்றுதான் பொருள்.

எடிட்டர் இருக்கும் டைரக்டரியைப் பாத்தில் சேர்த்தாள். அப்போதும் வரவில்லை. ஏற்கெனவே திறந்திருக்கும் டெர்மினல் பழைய பட்டியலையே வைத்திருக்கும். புது ஜன்னல் திறந்ததும் வந்துவிட்டது.

பத்து நிமிடத்தில் மறுபடி போன். கிட்டில் கமிட் கொடுத்தாளாம்; வேறு ஏதோ திரை வந்து, வெளியே வர முடியவில்லை. அதுதான் வி.ஐ. நாம் வேறு எடிட்டர் சொல்லாவிட்டால் கிட் அதைத்தான் திறக்கும்.

1969-இல் கென் தாம்சன் எழுதிய 'எட்', காகிதத்தில் அச்சடிக்கும் டெலிடைப்புக்கானது. தவறு செய்தால் வெறும் கேள்விக்குறி மட்டும் போடும். 1976 வாக்கில் பெர்க்லியில் மாணவராக இருந்த பில் ஜாய், திரைக்கென்று வி.ஐ. எழுதினார். அவருடைய மோடம் 300 பாட். நொடிக்குச் சுமார் 30 எழுத்து. 24 வரி, 80 எழுத்து கொண்ட ஒரு திரை நிரம்பவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும்! அதனால்தான் ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளையாக, அத்தனை சிக்கனம். எஸ்கேப், பிறகு முக்காற்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி, என்டர் — சேமிக்காமல் வெளியே வந்துவிடலாம். பிறகு 'எடிட்டர்' என்ற மாறியில் தனக்குப் பிடித்ததை எழுதி வைத்துக்கொண்டாள்.

போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. பல வருடங்களுக்கு முன் நம் ஆய்வகத்தில் ஒரு மாணவன் இதே வி.ஐ.யில் மாட்டிக்கொண்டு, பயந்துபோய்க் கணினியின் சுவிட்சையே அணைத்துவிட்டான். எல்லோர் முன்னாலும் திட்டினேன். அதன்பின் அவன் ஆய்வகப் பக்கமே மனமொப்பி வரவில்லை. அன்று இந்த வரலாறு எனக்கே தெரியாது. தெரிந்திருந்தால் அருகில் உட்கார்ந்து சொல்லியிருப்பேன்.

தம்பி, நீ இதைப் படித்தால், அன்றைய தவறு உன்னுடையது அல்ல, என்னுடையது.

மற்றவர்களுக்கு ஒரே வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பிள்ளை "எனக்கு வரவில்லை" என்று சொன்னால், அந்த இயந்திரம் எங்கே தேடுகிறது என்று முதலில் சேர்ந்து பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்