டிரிப்டமைன்கள்

டிரிப்டமைன்கள் என்பவை டிரிப்டமைன் என்னும் மூலக்கூறின் கட்டமைப்பை அடிப்படையாகக் கொண்ட கரிமச் சேர்மங்களின் வகுப்பு ஆகும். நரம்புக்கடத்தியான செரடோனின், உறக்கச் சுழற்சியைச் சீராக்கும் மெலடோனின், ஒற்றைத் தலைவலி மருந்தான சுமாட்ரிப்டான், மாயத்தோற்றங்களை உண்டாக்கும் சைலோசின் ஆகியவை இவ்வகுப்பைச் சேர்ந்தவை. கட்டமைப்பால் நெருங்கிய இவை செயலால் பெரிதும் வேறுபடுகின்றன. ஆகவே, ஒரு சேர்மம் இவ்வகுப்பைச் சேர்ந்தது என்பதை மட்டும் கொண்டு அதன் விளைவையோ பாதுகாப்பையோ கூற இயலாது.

கட்டமைப்பு

ஒரு பென்சீன் வளையமும், நைட்ரசன் அணு ஒன்றைக் கொண்ட பைரோல் என்னும் ஐந்தணு வளையமும் ஒரு பக்கத்தைப் பகிர்ந்து இணைந்த அமைப்பு இண்டோல் எனப்படும். இண்டோலின் 3ஆம் இடத்தில் இரண்டு கரிம அணுக்கள் கொண்ட சங்கிலியும், அதன் முனையில் அமினோ தொகுதியும் இருந்தால் அது டிரிப்டமைன் ஆகும். இதன் மூலக்கூறில் 10 கரிம அணுக்களும் 12 ஐதரசன் அணுக்களும் 2 நைட்ரசன் அணுக்களும் உள்ளன. வளையத்திலோ அமினோ தொகுதியிலோ பிற தொகுதிகள் சேர்வதால் ஏனைய டிரிப்டமைன்கள் உருவாகின்றன.

உயிரினங்களில் உருவாதல்

டிரிப்டோபான் என்னும் அமினோ அமிலத்திலிருந்து கார்பாக்சில் தொகுதி நீங்கும்போது டிரிப்டமைன் உண்டாகிறது. மனித உடலில், டிரிப்டோபானின் 5ஆம் இடத்தில் முதலில் ஐதராக்சில் தொகுதி சேர்ந்து, பின்னர் கார்பாக்சில் தொகுதி நீங்கினால் செரடோனின் கிடைக்கிறது. கூம்புச் சுரப்பி இரவு நேரத்தில் செரடோனினை மெலடோனினாக மாற்றுகிறது.

முக்கிய டிரிப்டமைன்கள்

- செரடோனின்: உடலிலுள்ள செரடோனினில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடற்பகுதியில் உள்ளது.
- மெலடோனின்: 1958இல் ஏரன் லெர்னர் குழுவினரால் பிரித்தெடுக்கப்பட்டது.
- டைமெத்தில்டிரிப்டமைன்: அமினோ தொகுதியில் இரண்டு மெத்தில் தொகுதிகளைக் கொண்டது. 1931இல் ரிச்சர்ட் மான்சுகே இதனைத் தொகுத்தார்.
- சைலோசிபின்: சில காளான்களில் உள்ளது. 1958இல் ஆல்பர்ட் ஆஃப்மன் பிரித்தெடுத்தார். உடலில் பாசுபேட்டுத் தொகுதியை இழந்து சைலோசினாக மாறுகிறது.
- சுமாட்ரிப்டான்: தலைப்பகுதியின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. எனவே இதயத் தமனி நோய் உடையோருக்கு இது தரப்படுவதில்லை.

இட மாற்றத்தின் விளைவு

சைலோசினும், சில தேரைகளின் தோலில் காணப்படும் புஃபோடெனினும் ஒரே மூலக்கூற்று வாய்பாடு உடையவை. ஐதராக்சில் தொகுதி முன்னதில் 4ஆம் இடத்திலும் பின்னதில் 5ஆம் இடத்திலும் உள்ளது. 4ஆம் இடத்தில் இருக்கும்போது அது அமினோ தொகுதியுடன் மூலக்கூறுக்குள்ளேயே ஐதரசன் பிணைப்பை ஏற்படுத்த முடிகிறது. இதனால் சைலோசின் கொழுப்பில் எளிதில் கரைந்து மூளைக்குள் செல்கிறது. புஃபோடெனின் அவ்வளவு எளிதாகச் செல்வதில்லை.

சிதைவும் இடர்களும்

வாய்வழி உட்கொள்ளப்படும் டைமெத்தில்டிரிப்டமைனை மோனோஅமீன் ஆக்சிடேசு என்னும் நொதி சிதைத்துவிடுவதால் அது தனித்துச் செயற்படுவதில்லை. அமேசான் பகுதி மக்களின் அயவாசுகா பானத்தில், இந்நொதியைத் தடுக்கும் ஆர்மின் கொண்ட கொடி ஒன்றும் சேர்க்கப்படுகிறது. செரடோனின் அளவைக் கூட்டும் மனச்சோர்வு மருந்துகளை எடுப்போர் இப்பானத்தை அருந்தினால் உயிருக்கு ஆபத்தான செரடோனின் நோய்க்கூட்டறிகுறி ஏற்படலாம்.

சட்டநிலை

1971ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உளத்தூண்டற் பொருட்கள் உடன்படிக்கையின் முதற் பட்டியலில் டைமெத்தில்டிரிப்டமைன், சைலோசின், சைலோசிபின் ஆகியவை உள்ளன. செரடோனினும் மெலடோனினும் அதில் இல்லை. மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்குச் சைலோசிபினைப் பரிந்துரைக்க, அனுமதி பெற்ற மனநல மருத்துவர்களுக்கு ஆசுதிரேலியா 2023 சூலையில் வழிவகுத்தது.

இவற்றையும் பார்க்க

- இண்டோல்
- டிரிப்டோபான்
- நரம்புக்கடத்தி