ஒரு தீவும் ஒரு சொல்லும்: அனைத்துலகச் சட்டத்தின் மூலங்கள்



ஜொகூர்க் கரையிலிருந்து ஏறத்தாழ 7.7 கடல் மைல் தொலைவில், சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில், 137 மீட்டர் நீளமுள்ள ஒரு பாறைத்தீவு உள்ளது. நாம் அதனைப் பத்து பூத்தே என்கிறோம். சிங்கப்பூரார் பெட்ரா பிராங்கா என்கின்றனர். முன்னது மலாய், பின்னது போர்த்துக்கீசியம். இரண்டற்கும் பொருள் வெண்பாறை என்பதே. பெயர்ப் பொருளில் பிணக்கில்லை. தீவு யாருடையது என்பதிலேயே பிணக்கு. 1979ஆம் ஆண்டு இறுதியில் மலேசியா அதனைத் தன் வரைபடத்தில் சேர்த்தது. 1980 பிப்ரவரியில் சிங்கப்பூர் மறுப்புத் தெரிவித்தது.

ஒரு நாட்டுக்குள் எழும் வழக்கிற்கு அந்நாட்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் உண்டு. நாடுகளுக்கு மேல் நாடாளுமன்றம் ஏதும் இல்லை. அவ்வாறாயின் நாடுகளுக்கிடையிலான சட்டம் எங்கிருந்து பிறக்கிறது? அனைத்துலக நீதிமன்றச் சாசனத்தின் 38ஆம் விதி இதற்கு விடை கூறுகிறது. உடன்படிக்கை, சட்டமெனக் கொண்டு நாடுகள் ஒழுகிவரும் வழக்காறு, நாடுகள் ஏற்றுக்கொண்ட பொதுச் சட்டக் கொள்கைகள் ஆகிய மூன்றும் மூலங்கள். நீதிமன்றத் தீர்ப்புகளும் அறிஞர்தம் நூல்களும் அவற்றை அறிய உதவும் துணைக் கருவிகள்.

இவை அனைத்தும் இவ்வழக்கில் இடம்பெற்றன. நாடுகள் இசையாமல் அந்நீதிமன்றம் வழக்கை விசாரிக்க இயலாது. அந்த இசைவை 2003இல் புத்ராஜெயாவில் கையெழுத்தான உடன்படிக்கை அளித்தது. தீவு தொடக்கத்தில் ஜொகூர் சுல்தானகத்துக்கே உரியது என நீதிமன்றம் கண்டது. ஓராங் லாவுட் எனப்படும் கடலோடி மக்கள் சுல்தானுக்குக் கட்டுப்பட்டிருந்தமையும், 17ஆம் நூற்றாண்டு டச்சு அறிஞர் ஹியூகோ குரோஷியஸ் ஜொகூரைத் தன்னாட்சி அரசாகக் குறித்தமையும் சான்றாயின. 1824ஆம் ஆண்டு ஆங்கிலேய-டச்சு உடன்படிக்கையும் அவ்வுரிமையை அழிக்கவில்லை. ஒன்றைக் கூறுபவரே அதனை மெய்ப்பிக்க வேண்டும் என்பது பொதுக் கொள்கையாக நின்றது. நிலத்தின்மீது அமைதியாகவும் தொடர்ச்சியாகவும் ஆட்சி செலுத்துவதன் மதிப்பை விளக்க 1928ஆம் ஆண்டு பால்மாஸ் தீவுத் தீர்ப்பு துணைநின்றது.

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம். ஆங்கிலேயர் 1850-51இல் தீவில் கலங்கரை விளக்கம் எழுப்பினர். 1953 ஜூன் மாதம் சிங்கப்பூர்க் காலனியச் செயலாளர், தீவின் நிலை யாதென ஜொகூரிடம் கடிதவழி வினவினார். ஜொகூரின் தற்காலிக மாநிலச் செயலாளர், தம் அரசு அத்தீவின் உடைமையைக் கோரவில்லை எனச் செப்டம்பரில் விடையளித்தார். உடைமை வேறு, இறையாண்மை வேறு என்று மலேசியா வாதிட்டது. கொள்கையளவில் அவை வேறெனினும், நாடுகளின் நிலவழக்குகளில் உடைமை என்னும் சொல் இறையாண்மைக்கு ஈடாக ஆளப்பட்டதுண்டு என்றது நீதிமன்றம்.

இச்சிக்கல் தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. 'என் கை', 'என் வீடு' என்னும் இரண்டிலும் ஆறாம் வேற்றுமைப் பொருளே உண்டு. ஆயினும் முன்னதைத் தற்கிழமை என்றும் பின்னதைப் பிறிதின்கிழமை என்றும் நம் இலக்கணம் பிரிக்கிறது. பிரிக்க இயலாத உரிமையும் கைமாறத்தக்க உரிமையும் ஒரே சொல்வடிவில் வரும். சூழலே வேறுபாட்டைக் காட்டும். 'ஜொகூரின் தீவு' எத்தகைய கிழமை? நீதிமன்றத்தின் முன் நின்ற வினாவும் ஏறத்தாழ இதுவே.

அக்கடிதம் ஒன்றே தீவைக் கைமாற்றிவிடவில்லை. அப்பகுதியில் நேர்ந்த கப்பல் விபத்துகளைச் சிங்கப்பூர் விசாரித்தது. தீவுக்கு வருவோரைக் கட்டுப்படுத்தியது. 1962 முதல் 1975 வரை நம் தரப்பு வெளியிட்ட சில வரைபடங்களே தீவைச் சிங்கப்பூரோடு சேர்த்துக் காட்டின. மறுக்கவேண்டிய இடங்களில் நாம் மறுக்கவில்லை. எனவே 2008 மே 23 அன்று, 12க்கு 4 என்னும் வாக்குகளால் பத்து பூத்தே சிங்கப்பூருக்கு உரியதாயிற்று. அண்மையிலுள்ள நடுப்பாறைகளோ, அத்தகைய கடிதமும் நடத்தையும் அவற்றைத் தொடாமையால், பழைய உரிமைப்படி மலேசியாவிடமே நிலைத்தன. மறு ஆய்வு கோரி 2017இல் அளித்த விண்ணப்பத்தை மலேசியா மறு ஆண்டு மீட்டுக்கொண்டது.

வழக்கில் தோற்ற நாட்டின் குடிமகனாக அல்லாமல், மொழி கற்பித்தவனாகவே இதனைச் சொல்கிறேன். அனைத்துலகச் சட்டம் எங்கோ ஹேக் நகரில் மட்டும் உருவாவதன்று. ஓர் அலுவலகத்தில் எழுதப்படும் கடிதம், அச்சிடப்படும் வரைபடம், விடையளிக்காமல் விடப்படும் வினா ஆகியவையும் ஒருநாள் நாட்டின் எல்லையைக் காட்டும் சான்றுகளாகும். ஆதலின் சொல்லின் பொருள் அறிந்து எழுதுவோரை உருவாக்கும் வகுப்பறைப் பணி, நாட்டின் எல்லையைக் காக்கும் பணியும் ஆகும்.