தில்லியின் பாறைமுனை: ஒரு நடைபாதையின் மூலமும் உரையும்

தில்லிக்குக் கடல் இல்லை. ஆனால் நிலமுனை உண்டு. குஜராத்திலிருந்து வடகிழக்காக ஏறத்தாழ 690 கி.மீ. நீளும் ஆரவல்லி மலைத்தொடர், தில்லிக்குள் தாழ்ந்த குன்றுவரிசையாக நுழைந்து, வசீராபாத்தில் யமுனைக் கரையருகே முடிகிறது. ஆங்கிலேயர் இதனை 'ரிட்ஜ்' என்றனர். உருது வழக்கில் இது 'பஹாடீ', அதாவது சிறுமலை. பஹாட்கஞ்ச், பஹாடீ தீரஜ் ஆகிய ஊர்ப்பெயர்களில் அச்சொல் இன்றும் வாழ்கிறது. கோடியக்கரை, தனுஷ்கோடி என நிலம் முடிந்து நீர் தொடங்கும் இடத்தைத் தமிழ் 'கோடி' என்கிறது. அப்பொருளில் ஆரவல்லியின் கோடி வசீராபாத்.

மேற்கே பாறை, கிழக்கே ஆறு, இடையில் ஒரு முக்கோணச் சமவெளி. தில்லியின் பல நகரங்கள் எழுந்ததும் அழிந்ததும் இம்முக்கோணத்தில்தான். ஷாஜகானாபாத்தின் வடக்கு மதிலை மேலிருந்து நோக்கும் பகுதியே வடக்கு ரிட்ஜ். தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டிச் செல்லும் அதன் குவார்ட்சைட் முகட்டில், ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவுக்குள், இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்த சான்றுகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் சில எழுத்துடையவை; சில எழுத்தற்றவை. எவை எழுத்துப் பெற்றன, யாரால் பெற்றன என்பதே இந்நடைபாதையின் வரலாற்றுச் சிக்கல்.

வடமுனையில் நிற்பது 1828இல் கட்டப்பட்ட கொடிமரக் கோபுரம். 1857 மே 11 அன்று மீரட்டிலிருந்து வந்த சிப்பாய்கள் தில்லிக்குள் நுழைந்தபோது, ஆங்கிலேயக் குடும்பங்கள் இக்கோபுரத்தில் கூடி உதவிப்படைக்காகக் காத்திருந்தன. படை வரவில்லை, மாலையில் அவர்கள் கர்னால் திசையில் தப்பியோடினர். நான்கு வாரங்களுக்குள் நிலை மாறிற்று. ஜூன் 8 அன்று பாத்லி கீ சராய் போரில் வென்ற கும்பினிப் படை ரிட்ஜைக் கைப்பற்றிக்கொண்டது. செப்டம்பர் 14 அன்று காஷ்மீரி வாயில் தகர்க்கப்படும்வரை, மூன்று மாதங்களுக்கு மேல் இம்முகடே அதன் பாசறை.

போரின் கடுமை முகட்டின் தென்பகுதியில், ஹிந்து ராவ் மாளிகையைச் சுற்றி மிகுந்திருந்தது. வில்லியம் பிரேசர் கட்டிய அம்மாளிகை, பின்னர் மராட்டியப் பிரபு ஹிந்து ராவின் கைக்கு மாறியது. இன்று அவர் பெயரில் மருத்துவமனை அங்கு இயங்குகிறது. மாளிகையைக் காத்துநின்றவர்களுள் சிர்மூர் பட்டாலியனின் கூர்க்காக்கள் முதன்மையானவர்கள். தாக்கியவர்களும் இந்தியர், தடுத்தவர்களுள் பெரும்பகுதியினரும் இந்தியர். பிளாசிப் போரின் நூறாம் ஆண்டு நிறைவான ஜூன் 23 அன்று சிப்பாய்கள் சரிவில் ஏறி நாள்முழுதும் தாக்கினர். அச்சரிவில் மடிந்தவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் இல்லை.

பெயர்ப்பட்டியல் பெற்றவர்கள் மறுதரப்பினர். 1863இல் முகட்டின் தென்முனையில் கோதிக் பாணியில் எழுந்த செம்மணற்கல் நினைவுக்கோபுரம், கும்பினிப் படையின் இழப்புகளை 'ஐரோப்பியர்', 'நேட்டிவ்' எனப் பிரித்து எழுதிற்று. எதிர்த்தரப்பை 'எதிரி' என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிற்று. விடுதலையின் வெள்ளிவிழா ஆண்டான 1972இல் அரசு இச்சின்னத்தை இடிக்கவில்லை, கல்வெட்டைச் சிதைக்கவுமில்லை. 'வெல்லப்படாதோர் கோட்டை' எனப் பொருள்படும் 'அஜீத்கட்' என்று பெயர் மாற்றி, ஒரு புதிய பலகையைப் பதித்தது. இச்சின்னத்தில் எதிரி எனப்பட்டோர் அந்நிய ஆட்சிக்கு எதிராக எழுந்து நாட்டு விடுதலைக்காகப் போரிட்டவர்களே என்பது அதன் சாரம்.

தமிழ் மரபு இச்செயலை எளிதில் இனங்காணும். மூலத்தைத் திருத்தாமல் உரையால் பொருளை மாற்றுவது உரையாசிரியர் நெறி. 1863இன் கல் மூலம். 1972இன் பலகை உரை. மூலத்தை அழித்திருந்தால், வென்றவர் தோற்றவரை எவ்வாறு பெயரிட்டனர் என்ற சான்றும் அழிந்திருக்கும். ஆயினும் உரைக்கும் ஓர் எல்லை உண்டு. 'எதிரி' என்ற சொல்லுக்கு அது புதுப்பொருள் தந்தது. ஆனால் 'நேட்டிவ்' என்ற பத்திக்கு உரை எழுதப்படவில்லை. கும்பினிக்காக மடிந்த இந்தியச் சிப்பாய் இரு வாசிப்புகளுக்கும் நடுவில் எண்ணாகவே நிற்கிறார்.

சற்றுத் தொலைவில் இன்னொரு மூலமும் உண்டு. மீரட்டில் அசோகர் நிறுத்திய தூணை 14ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் தம் வேட்டை மாளிகைக்குக் கொண்டுவந்தார். அதன் பிராமி எழுத்தை அன்று படிக்க வல்லார் இல்லை. அது ஜேம்ஸ் பிரின்செப்பால் 1837இல்தான் வாசிக்கப்பட்டது. பரூக்சியர் காலத்தில் (1713–19) வெடிமருந்துக் கிடங்கு வெடித்து ஐந்து துண்டுகளான தூண், 1867இல் மீண்டும் நிறுத்தப்பட்டது. நினைவுக்கோபுரம் எழுந்து நான்கே ஆண்டுகளில் அசோகர் தூணும் அருகே எழுந்தது. அதன் பீடத்திலுள்ள ஆங்கிலக் கல்வெட்டு அசோகர், பிரோஸ் ஷா, பிரிட்டிஷ் அரசு என்ற வரிசையில் வரலாற்றைச் சொல்கிறது. வெற்றி பெற்ற ஆட்சி, தன்னை முந்தைய பேரரசுகளின் வாரிசாக எழுதிக்கொண்ட இடம் அது.

எழுத்தில்லாத சான்றும் ஒன்று உண்டு: காடு. 1858இல் பெலீச்சே பியாத்தோ எடுத்த ஒளிப்படங்களில் ரிட்ஜ் ஏறக்குறைய மொட்டைப் பாறை. இன்றைய அடர்த்தி பெரிதும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊன்றப்பட்ட 'விலாயதி கீகரால்' வந்தது. கீகர் என்பது கருவேலம். விலாயதி என்பது சீமை. தமிழ்நாட்டுக் கண்மாய்களை விழுங்கிய சீமைக்கருவேலமே இது. அமெரிக்கக் கண்டத்து மரத்தைத் தொடர்பற்ற இரு மொழிகளும் ஒரே சொல்லமைப்பால் பெயரிட்டிருப்பது, அது எவ்வழியே வந்தது என்பதைக் காட்டுகிறது.

இம்மரங்களுக்கிடையே நடப்பவருக்கு இன்று மதிலும் தெரிவதில்லை, ஆறும் தெரிவதில்லை. முகட்டை முனையாக்கிய பார்வைக்கோடு மறைந்துவிட்டது. காலைநடைப் பாதையாக எஞ்சியிருக்கும் ரிட்ஜைப் போர்க்களமாகவும் நிலமுனையாகவும் படிக்க, கல்வெட்டுகளுடன் சரிவையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஜூன் 23 அன்று அதில் ஏறியவர்களைக் குறிக்க, எண்கூட இல்லாத அச்சரிவே எஞ்சியிருக்கும் மூலம். அதற்கான உரை இன்னும் எழுதப்படவில்லை.